கேமராவுக்கு வந்தவர்கள்

பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். இணையத்தில் ஒரு கேமரா கடை, நல்ல லென்ஸ் ஒன்றைப் பாதி விலைக்குப் போட்டிருந்தது. முழுப் பணத்தையும் முன்னமே கட்டச் சொன்னது உறுத்தியது. ஆனால் முகவரி எங்கள் ஊர் வேலம்பாளையம். நம்ம ஊர்க்காரன் ஏமாற்ற மாட்டான் என்று ஒரு நினைப்பு. எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

அந்தக் கதவு எண்ணில் கடை இல்லை, ஓர் ஓட்டு வீடுதான் இருந்தது. வாசலில் ஓர் அம்மா பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருந்தார். பைக்கை நிறுத்தியதுமே எழுந்தார்.

“கேமராவுக்குத்தானுங்க வந்தீங்க?”

“ஆமாங்க.”

“பணம் கட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“கட்டீராதீங்க சாமி. நம்பரு எங்க ஊட்டு நம்பருதானுங்க. கடை எங்களுது இல்லீங்க. எவனோ போட்டுட்டான், வர்றவங்க எங்களைத்தான் திட்டறாங்க.”

நின்றபடியே பிசிறு வெட்டிக்கொண்டு பேசினார். தப்பு செய்தவர்போல என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் என் கண், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே இருந்த அட்டைப்பெட்டிகளுக்குப் போய்விட்டது. அவர் கவனித்துவிட்டார். உள்ளே போய் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே குழந்தைகளின் பனியன்கள்.

“வேண்டாங்கம்மா” என்றேன்.

“இருக்கட்டுங்க. பாத்துட்டே போங்க” என்று அடுத்த பெட்டியையும் பிரித்தார்.

வேண்டாம் என்று சொன்ன நான், அதற்குள்ளும் எட்டிப் பார்த்தேன்.