எட்டுத் தப்படி

“…அஞ்சு, ஆறு, ஏழு.” வாசற்படியிலிருந்து சாக்கடை வரைக்கும் நடந்து எண்ணி முடித்த பிறகுதான் வரதன் கையெடுத்துக் கும்பிடுவார். ஓட்டுக் கேட்க வந்த மனிதர் முதல் காரியமாகத் தங்கள் வீட்டு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்து, சிநேகா நகருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இவர் வேட்பாளரா வாஸ்து பார்ப்பவரா என்று குழம்பித்தான் போகிறார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும். செங்கல்பட்டைச் சுற்றி முப்பது வருஷம் மனைக்கல் நட்ட கால் அது.

வயது அறுபத்தொன்று. ஒடிசலான தேகம். கடப்பாரை சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிவிட்டதால், பிரசாரத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை எப்படி இழுத்துவிட்டாலும் கோணலாகத்தான் நிற்கிறது. அவருடைய ஒரு தப்படி என்றால் இரண்டரை அடி. சர்வேயர்கள் டேப்பை விரித்து அளந்துவிட்டு, “வரதா, எதுக்கும் நீ ஒரு தபா நடந்துடு” என்று சரிபார்த்துக்கொண்ட காலம் உண்டு. திருக்கழுக்குன்றத்துக்குப் போனாலும் பிராகாரத்தை எண்ணிக்கொண்டுதான் சுற்றுவார். தரிசனம் நல்லபடி ஆயிற்றா என்று கேட்டால், எத்தனை தப்படி என்று பதில் வரும்.

நகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். கடப்பாரை சின்னம் கேட்டாராம். பட்டியலில் அப்படி ஒன்றே இல்லை என்று வாளியைக் கொடுத்துவிட்டார்கள். கல் நடுகிறவனுக்கு வாளியும் வேண்டியதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அது உண்மைதான். கல் நடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, கல்லை இறக்கி, மண்ணைத் தள்ளி, குதிகாலால் நாலு பக்கமும் மிதிக்க வேண்டும். கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் மண் இறுகிக் கல்லைப் பிடிக்கும். “தண்ணி ஊத்தலன்னா அது கல்லே இல்ல நைனா. ஆடு ஒரசினா சாஞ்சிக்கும்” என்பார்.

சின்னம் கிடைத்த அன்றே, மனைவி செங்கம்மாள் துணி அலசுகிற நீல வாளியில் தம் படத்தை ஒட்டி, கையோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தம்மாள் விடுவாரா! “பத்து நாளா குண்டான்ல அலசிகினு கீறேன். கவுன்சிலர் ஆவறதுக்கு மின்னாடியே வூட்டுச் சாமானத்த எத்துக்கினு பூட்டாரு” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

எதிரே நிற்கும் பார்த்திபன் கட்சிக்காரர், வாலிபர், போஸ்டரில் லட்சணமாகச் சிரிப்பார். நகருக்கு நுழைவாயில் வளைவு, தெருவுக்குத் தெரு கேமரா, நடைப்பயிற்சிப் பாதை என்று வழவழத்த தாளில் நாலு பக்கத்துக்கு அடித்துக் கொடுத்திருக்கிறார். வரதனிடம் தாளும் இல்லை, வளைவும் இல்லை. அவர் சொல்வது ஒன்றே ஒன்று.

“ஊரு வளர்றத வேணாம்னு சொல்றவன் நான் இல்ல. எங்கப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இதே எடத்துல அடுத்தவன் வயல்ல நாத்து நட்டவங்க. ஒரு சாண் மண்ணு எங்க பேருல கெடயாது. வயலு அழகுதான், வரப்புல நின்னுகினு பாக்கறவனுக்கு! மனை போட்டதாலதான் எங்களுக்கும் ஒரு வூடு வந்துச்சி. இன்னும் பத்து நகரு வரட்டும். ஆனா மொதல்ல தண்ணிக்கு அள. அப்பால ரோட்டுக்கு அள. கடைசியாத்தான் வூட்டுக்கு. நாம தலைகீழா அளந்துகினு கீறோம். தண்ணிக்கு ஓட்டு இல்லதான். அதுக்காவ அது கம்முனு பூடுமா?”

கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். ஓட்டுப் போடுவார்களா என்பது வேறு விஷயம்.

பழைய நாட்களைப் பேச ஆரம்பித்தால் வரதனை நிறுத்த முடியாது. கையில் டீ ஆறி ஆடை கட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தாம்பரத்திலிருந்து வேன் வேனாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்களாம். பொட்டல்வெளியில் ஷாமியானா, கலர் கொடி, எலுமிச்சை சாதப் பொட்டலம். “மெயின் ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம்” என்று மைக்கில் கூசாமல் சொல்வார்கள். நடந்தால் முக்கால் மணி ஆகும். புருஷனும் பெண்டாட்டியும் நாலு கல்லுக்கு நடுவில் போய் நின்று, இங்கே சமையல், இங்கே சாமி படம் என்று வெறும் மண்ணைக் காட்டிப் பேசிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் வரதனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். தாம் நட்ட கல்லுக்குள் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது என்கிற சந்தோஷம் அது. 

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் சித்தேரிக் கால்வாயில் இறங்கிக் குளிப்பார்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்துவிட்டால், கால்வாயில் கெண்டை எதிரேறி வரும். இரண்டு பேர் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும், சாயங்காலக் குழம்புக்கு ஆயிற்று. தூரத்தில் மின்சார ரயில் கூவிக்கொண்டு போகும். ஈரத் தலையோடு கரையில் உட்கார்ந்து பீடி பிடித்த சுகம் இனி வருமா என்று அவர் கேட்கும்போது, மீன் பிடிக்கத் தெரியாத நமக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இத்தனை கதையிலும் ஒரே ஒரு நாளை மட்டும் அவர் தாண்டிப் போய்விடுவார்.

அது நடந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. காசிநாதன் என்பவர் மனை போட்டு, மகள் பெயரையே வைத்து சிநேகா நகர் என்றார். சர்வேயர், நடுவில் ஓடிய சித்தேரிக் கால்வாய்க்கு எட்டுத் தப்படி அகலம் விட்டு, இரண்டு கரையிலும் தலையில் சிவப்புச் சாயம் பூசிய கற்களை நடச் சொன்னார். வரதன் நட்டார். தண்ணீரும் ஊற்றினார். மறுநாள் காசிநாதன் மட்டும் தனியாக வந்தார். “மழைக்கு மட்டும் ஓடற தண்ணிக்கு எட்டு எதுக்கு வரதா? நாலு போதும்” என்றார். மத்தியானத்துக்குள், இப்போது வரதன் வீடு இருக்கிற கரையின் ஆறு கற்களும் பிடுங்கப்பட்டன. அவற்றுக்குப் பதில் நாலாவது தப்படியில் சாதாரண மனைக்கற்கள் ஏறின. வீடு கட்ட நீளம் போதாமல் கிடந்த ஒரு வரிசை, பதினொரு முழு மனையாகிவிட்டது. அதில் கடைசியிலிருந்த கோணல் மனையை, இத்தனை நாள் உழைத்ததற்காக என்று செங்கம்மாள் பேரில் எழுதிக் கொடுத்தார் காசிநாதன். அவர்கள் இருவர் குடும்பத்திலும் ஒருவர் பேரில் மண் எழுதிய முதல் காகிதம் அது. செங்கம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே அழுதாராம்.

பிடுங்கிய ஆறில் ஐந்து கல் வேறு மனைகளுக்குப் போய்விட்டன. ஆறாவது மட்டும் மற்றதைவிட ஒரு முழம் நீளம். வரதன் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, சிவப்பைக் கீழே கவிழ்த்துப் புது மனையின் கொல்லைப் பக்கம் போட்டார். “மாமல்லபுரத்துல சிலைக்கு ஆவாத கல்லாம், சும்மா குடுத்தாங்கோ” என்று மனைவியிடம் சொன்னார். வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அந்தம்மாள் அதன்மேல்தான் துணி துவைக்கிறார்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை அதற்கப்புறம் ஆரம்பித்தது. ஒவ்வொரு அடைமழைக்கும் கால்வாய் கொள்ளாமல் தண்ணீர் திரும்பி, எதிர்க்கரையைத் தாண்டிப் பள்ளத்திலிருக்கும் இரண்டாவது தெருவுக்குள் போனது. வரதன் வீட்டுக்கு மட்டும் வராது. அடித்தளத்தை நாலடி உயர்த்திக் கட்டிய கெட்டிக்காரர் அல்லவா! வரும் என்று தெரிந்தவன்தானே உயர்த்துவான்? போன கார்த்திகை மழையில், இரண்டாவது தெருவில் தனியாக இருக்கும் சரோஜா வீட்டுக் கூடத்தில் ஃப்ரிட்ஜ் மிதந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் சரோஜா. நடக்க முடியாத முழங்கால். வரதன்தான் இடுப்பளவுத் தண்ணீரில் போய் அவரை முதுகில் தூக்கி வந்தார். “நல்லாருக்கணும் வரதண்ணே” என்று சரோஜா வழியெல்லாம் வாழ்த்திக்கொண்டே வந்தாராம். அந்த வாழ்த்து இவரைத் தூங்கவிடவில்லை. தேர்தல் அறிவித்ததும் போய் மனுத் தாக்கல் செய்துவிட்டார்.

பிரசாரம் முடியும் நாள் சாயங்காலம், இரண்டாவது தெரு முனையில் கூட்டம். கூட்டம் என்றால் முப்பது பேர். அதில் பாதி, வரதன் வரிசையிலிருக்கும் பதினொரு வீட்டுக்காரர்கள். நிச்சயமான ஓட்டு என்று அவர் நம்பியிருந்ததே அவர்களைத்தான். பேசி முடித்ததும் சரோஜா பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எல்லாம் நல்லாத்தான் பேசறீங்க வரதண்ணே. கால்வா எட்டுத் தப்படி இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்ப அதை நாலாக்கினது யாரு? கல்லு தானா நடந்து வந்துச்சா?”

அந்தம்மாள் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். காசிநாதன் செத்து எட்டு வருஷமாகிறது. செத்தவர் தலையில் போட்டுவிட்டு வணக்கம் சொல்லி இறங்கியிருக்கலாம். வரதன் கீழே குனிந்து தம் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் சிஸ்டர்.”

மைக் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது.

“எட்டுல நட்டவனும் நான்தான். புடுங்கி நாலுக்குக் கொணாந்தவனும் நான்தான். காசிநாதன் சொன்னாரு. ஆனா காலு என்னுது, கடப்பாற என்னுது. எங்க வரிசைல கீற பதினோரு கொல்லையும் கால்வாதான். எங்குளுதும் சேத்துதான். வூட்ட இடிக்கச் சொல்லல. கொல்லையில நாலு தப்படி பின்னால வாங்க. அவ்ளோதான் நான் கேக்கறது.”

பக்கத்து வீட்டு அருணகிரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “யோவ் அண்ணாத்த, நீ ஓட்டுக் கேக்க வந்தியா, எங்க கொல்லையக் கேக்க வந்தியா?” அவர் பின்னால் வரிசை முழுவதும் எழுந்து போனது. பார்த்திபனின் ஆள் ஒருவர் செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரோஜா மட்டும் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

“கடப்பாரைய முழுங்கிட்டு, இருபது வருஷம் கழிச்சு சுக்குக் கஷாயம் குடிக்க வந்திருக்கீங்களே அண்ணே” என்றார். கண் கலங்கியிருந்தது.

செங்கம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் வரதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். அந்தப் பக்கத்துக் கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. அதை ஒட்டிக் குதிகாலை வைத்து எண்ண ஆரம்பித்தார். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது. நாலில் அவர் வீட்டுக் கொல்லைச் சுவர். படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ஐந்தில் துணிக்கொடி. ஆறில் செங்கம்மாள் வைத்த தென்னை. ஏழில் துவைக்கிற கல். எட்டாவது தப்படி சமையலறைப் பின்படிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. படியில் செங்கம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

வரதன் கடப்பாரையைத் துவைக்கிற கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பிப் புரட்டினார். ஈரமண் அப்பியிருந்தது. கையால் துடைத்தார். சிவப்பு அப்படியே இருந்தது.

“சிலைக்கு ஆவாத கல்லுன்னு சொன்ன” என்றார் செங்கம்மாள். “இத்தினி வருசம் இது மேலதான தொவச்சேன்?”

“சொல்ல வாய் வரல செங்கா.”

“இப்ப மட்டும் வந்துச்சா? ஊருக்கு மின்னாடி வந்துச்சா? நம்ம பேருல கீறது இந்த ஒரு மண்ணு. எங்காத்தா சாவற வரைக்கும் அடுத்தவன் சேத்துல நின்னுச்சி. நாலு வெரக்கட கெடச்சிதா அதுக்கு? நீ நாலு தப்படிய தூக்கிக் குடுத்துட்டு வர்ற.”

வரதன் எட்டாவது தப்படியில் குழி தோண்ட ஆரம்பித்தார். சுவருக்கு மேலே அருணகிரியின் தலை தெரிந்தது. செங்கம்மாள் படியேறி உள்ளே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

முழங்கால் ஆழத்துக்குக் குழி வந்ததும் கல்லைக் கட்டிப்பிடித்து நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து இறக்கினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாகத் தோளில் வைத்த கல்; இன்றைக்கு மூச்சு இரைத்தது. மண்ணைத் தள்ளி, குதிகாலால் நாலு பக்கமும் மிதித்தார். கை விட்டால் கல் லேசாக ஆடியது. வாளி சுவரோரம் இருந்தது. கல்லை விட்டுவிட்டுப் போய் எடுக்க முடியாமல், ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நின்றார்.

கதவு திறந்தது. செங்கம்மாள் இறங்கி வந்து, அவர் படம் ஒட்டியிருந்த நீல வாளியை எடுத்தார். தொட்டியில் முக்கி நிரப்பினார்.

“வடக்கால சாயுது பாரு. நிமுத்து.”

வரதன் நிமிர்த்திப் பிடித்தார். செங்கம்மாள் கல்லைச் சுற்றி, சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினார்.