அப்பா கூப்பிட்ட ஐந்தாவது பெயர்

சிதம்பரம் கடைத்தெருவில் ஐஸ்கட்டியின் மேல் போர்த்தியிருந்த ஈரச்சாக்கின் வாசனை மூக்கில் ஏறியதும், அறுபதுகளில் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருந்த கூரை வீடு நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே கல்யாண மண்டபம்; வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடக் குழம்புகிறது.

தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்பா அடுப்படி வாசலில் வாளித் தண்ணீரும் சாக்கும் வைத்திருந்தார். சாயங்காலம் வெளியே போய்விட்டு வீடு திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல், சாக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் நனைத்துப் போட்டுவிட்டு, எரிகிற வீட்டிலிருந்து வந்தவர்களைக் கணக்குப் பார்ப்பவர் மாதிரி எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "இருக்கேன்பா" என்று நாங்கள் சொல்ல வேண்டும். கடைசியில் "செசிலி" என்பார். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "இருக்கா" என்பாள். அதன் பிறகுதான் அப்பா உட்காருவார்.

யாரென்று ஒருமுறை அப்பாவிடமே கேட்டேன்.

"கூரை எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு. அந்தப் புள்ள வெளிய வந்துட்டாள்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

வெளியே வந்தவளை ஏன் இன்னும் தேடுகிறார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். செசிலிக்குப் பதில் வரவில்லை. அப்பா செருப்போடு நின்றுகொண்டே இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானே, "இருக்கேன்பா" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இன்றைக்கும் தெருவில் யாராவது செசிலி என்று கூப்பிட்டால், நான் திரும்பிவிடுகிறேன்.