கடலில் நனைந்த பருப்பு

பழனிசாமிக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னது. வீட்டில் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. கோபிப் பக்கத்திலிருந்து ஐம்பத்து மூன்றில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். சாத்தம் மர மில்லில் தடி அளக்கிற வேலை. படாக் மரத் தடியைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் செம்பைக்கூட மரகதம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "அவரு சமையக்கட்டுக்குள்ள வந்தா எனக்கு வேலை ரெண்டாயிருமுங்கக்கா" என்று அவளும் அதைப் பெருமையாகத்தான் சொல்வாள். நான் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே நான் தும்முவேன்.

ஐம்பத்தேழில் ஃப்ளூ காய்ச்சல் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எங்கள் தீவுக்கும் வந்தது. கப்பலில் வந்தது என்றார்கள். வேறு எதில் வரும், எங்களுக்கு எல்லாமே கப்பலில்தானே வந்தது. மில் ஆட்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் வீட்டுக்குள் வெளியாட்கள் கால் வைக்கக் கூடாது என்று கம்பவுண்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து மரகதம் படுத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. வேறு வழியில்லாமல் பழனிசாமி அடுப்பு முன்னால் உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. "எதத் தின்னாலும் மண்ணாட்டம் இருக்குதுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கம்பவுண்டர் வங்காளி. வாசலில் நின்றபடியே, "தவா கதம். இனிமே கானாதான்" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார். மருந்து தன் வேலையை முடித்துவிட்டது, இனி அவள் சாப்பிட்டால்தான் பிழைப்பாள் என்று அர்த்தம். பின் வரிசையில் ஒரு பெண் காய்ச்சல் விட்ட பிறகு அப்படியே சாப்பிடாமல் கிடந்துதான் போய்ச் சேர்ந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பக்குவம் சொல்வேன். அவர் "செரிங்கக்கா" என்பார், பிறகு தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்வார். பச்சைப் பப்பாளியைச் சீவித் தேங்காய்ப்பாலில் வேகவைத்தார். மரவள்ளிக் கிழங்கைத் துருவி இலையில் வைத்து அவித்து, அதற்கு இட்லி என்று பேரும் வைத்தார். புளி தீர்ந்ததும் காற்றில் விழுந்த மாங்காயில் ரசம் வைத்தார். முதல் நாள் கரண்டி விழுந்துகொண்டே இருந்தது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஏழாம் நாள் மனுஷன் பாடிக்கொண்டே துருவுகிறார். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டும் விட்டேன்.

"சும்மா உக்காந்தா பயமா இருக்குதுங்கக்கா. இதுல கைய வெச்சா மனசு கொஞ்சம் நிக்குது" என்றார்.

பயத்துக்கு என் வீட்டிலும் குறைவில்லை, நானும் அன்றைக்கு வேண்டாத ஒரு துவையல் அரைத்தேன்.

இத்தனை செய்தும் அவள் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. கடைசியில் பழனிசாமிக்கு அரிசிம்பருப்புச் சோறு நினைவுக்கு வந்தது. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டுப் பொங்குவது, அவர்கள் பக்கத்துச் சாப்பாடு. டப்பாவைத் திறந்தால் பருப்பு முழுக்க வண்டு. "கடையிலயும் பருப்பு கதமுங்கக்கா" என்றவர் டப்பாவையும் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மில்லில் தடியைக் கரையில் போட்டு வைத்தால் வண்டு துளைக்கும் என்று கடலிலேயே மிதக்க விடுவார்கள். நாலு வருஷம் அதைப் பார்த்த மூளைக்கு, வண்டு என்றால் கடல்தான் மருந்து. பருப்பைத் துண்டில் மூட்டை கட்டி, படகுத்துறைப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடல் தண்ணீரில் முக்கியிருக்கிறார். வண்டெல்லாம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலச வேண்டும் என்று தோன்றவில்லை. அரிசி, பூண்டு, மிளகு, பிறகு வழக்கம்போல ஒரு கை உப்பும் போட்டுப் பொங்கிவிட்டார். வாசனை என்னவோ ஜோராகத்தான் இருந்தது.

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, இது சோறா, உப்பளமா? எத்தன கை உப்புப் போட்டீங்கோ?"

மரகதத்தின் பழைய குரல். தெருமுனை வரை கேட்கும் குரல். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தடுப்போரம் போய் நின்றேன்.

"உப்புத் தெரியுதா புள்ள?" என்று பழனிசாமி கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெரியாம? என்ர நாக்கு என்ன கட்டையா? இத ஒரு மனுசி வாயில வெக்க முடியுமா? இதுக்கு எதுக்குங்க இப்ப அழுவறீங்கோ?"

"இன்னொருக்கா சொல்லு புள்ள."

அவள் ஒன்றல்ல, பத்துச் சொன்னாள். அவர் தடுப்போரம் ஓடி வந்து, "அக்கா, திட்டுறா. நல்லாத் திட்டுறா" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து உத்தரவு வந்தது. "அங்க என்ன பேச்சு? ஒரு தேங்காய ஒடச்சு பால் புழிஞ்சு கொண்டாங்கோ. அத ஊத்தினா உப்பு அடங்கும். பாவம், பருப்ப வீணாக்க முடியுமா?"

பாலை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு திட்டு, ஒவ்வொரு திட்டுக்கும் அவர் "ஆமா புள்ள" என்றார். தட்டு காலியாகும் வரை அவள் திட்டி முடிக்கவில்லை.