பக்கத்து மேசைக்குப் போன விண்ணப்பம்

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில் யூத அகதிகளை, நாங்கள் குடிவந்திருக்கும் இந்த நாட்டுக்குள் விடாததற்கு யார் பொறுப்பு? அமைச்சரா, விண்ணப்பங்களை மறுத்த குமாஸ்தாக்களா? மகளின் பள்ளிக்கூடத்தில் இதுதான் விவாதம். குமாஸ்தாக்கள்தான் என்று வாதாடும் பக்கம் அவளுக்கு விழுந்திருந்தது. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என்னைக் குமாஸ்தாவாக்கி ஒத்திகை பார்த்தாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா இவளுக்கு? நான் வேலை பார்ப்பதே விசா அலுவலகத்தில்.

சட்டம் எழுதியது நானில்லை, தாளில் இருப்பதைத்தான் பார்க்கலாம், நான் மறுக்காவிட்டால் இன்னொருவன் மறுப்பான் என்று அடுக்கினேன். தடங்கலே இல்லாமல் வந்தது. பெருமையோடு சோற்றைப் பிசைந்தேன். அப்போதுதான் அந்த விண்ணப்பம் நினைவுக்கு வந்தது.

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாயின் விண்ணப்பம் என்னிடம் வந்தது. மகளின் பிரசவத்துக்கு வரவேண்டும். மருமகன் எங்கள் ஊரின் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருப்பவர். கோயில் பிரசாத வரிசையில் நாலு வார்த்தை கதைத்த பழக்கம். தெரிந்தவர் விண்ணப்பத்தைத் தொடக்கூடாது, வேறு ஆளிடம் கொடுக்கவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் இந்த ஊரில் எந்தத் தமிழனை எனக்குத் தெரியாது? ஒரு கடிதம் குறைந்திருந்தது. நானென்றால் கேட்டு வாங்கியிருப்பேன். பக்கத்து மேசைக்காரர் கேட்கமாட்டார், மறுத்துவிடுவார். அது தெரிந்தேதான் கொடுத்தேன். அவர் மறுத்தார். பிள்ளையும் பிறந்துவிட்டது.

கோயிலில் அந்த மருமகன் என்னிடம் வந்தார்.

"அண்ணை, மாமியின்ர ஃபைலை ஆர் பாத்தது எண்டு அறியேலுமோ?"

"எனக்குத் தெரியாது தம்பி."

விதியை மதித்தேனா, விதிக்குப் பின்னால் ஒளிந்தேனா? இன்றுவரை விளங்கவில்லை. அன்று இந்த நாட்டின் வாசலில் நின்ற யூதர்கள் உயிருக்குத் தப்பி வந்தவர்கள். இதுவோ ஒரு பிரசவம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பாவம். இருந்தும் மனம் வைத்துப் பார்க்கிறது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலில்தான் சாப்பாட்டு மேசையில் மகளிடம் வாயைக் கொடுத்தேன்.

"அந்தக் குமாஸ்தாக்கள் எல்லாரும் மறுத்திருக்கமாட்டினம். சிலபேர் மனமில்லாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளியிருப்பினம்."

பக்கத்து மேசை மறுக்கும் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அப்படியென்றால் அவர்கள்தான் எல்லாரிலும் மோசம் என்று சொல்லிக்கொண்டே வேகமாக எழுதினாள். நல்ல பொயின்ட் அப்பா, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றாள்.

"புத்தகத்தில இல்லை, பிள்ளை."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.