டோரதியின் திரையில் பாஸ்கல் அண்ணன் படகு

ராயபுரத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவள் டோரதி. பக்கத்துக் கடையில் பிளவுஸ் தைப்பவள் நான். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் பெருமூச்சு விட்டால் என் தையல் மெஷின் நின்றுவிடும்.

இந்த வருஷம் பெருமூச்சுக்குக் குறைவே இல்லை. கடையில் இருந்த நாலு கம்ப்யூட்டர் பெட்டியும் கிழடு. புது விண்டோஸ் அதில் ஏறாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடையைக் காலி செய்துவிட்டு மணலிக்குப் பேக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். கடை அவளுக்கு உயிர். சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் விடாக்கண்டி. நாலிலும் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸைப் போட்டு, அதன்மேல் ஓபன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரை ஏற்றினாள். திரையில் ஜன்னல்களைத் திறந்து, மூடி, நகர்த்த மட்டும் தெரிந்த சின்ன புரோகிராம் அது. கிழடுகள் துள்ளிக் குதித்தன. ஆனால் திரையில் ஐகானும் இல்லை, படமும் இல்லை, ஒரே கறுப்பு. ரைட் கிளிக் செய்தால்தான் மெனு வரும்.

விசைப்படகு ஓட்டும் பாஸ்கல் அண்ணன் தடைக்கால நிவாரணத்துக்கு மனுப் போட வந்தார். கடலில் இன்ஜின் நின்றால் யோசிக்காமல் ஸ்டார்ட்டரை அமுக்குகிற கை அவருடையது. கறுப்பைப் பார்த்ததும் பவர் பட்டனை அமுக்கிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த பெட்டி அணைந்தது.

“இன்னா தங்கச்சி, பொட்டி செத்துப் பூட்சா?”

“நீதான் அண்ணாத்தே சாவடிச்சே!”

அவரைப் போலவே மற்றவர்களும் அமுக்கினார்கள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

டோரதி பின்னணிக்கு ஒரு பனிமலைப் படம் போட்டாள். யாரும் சீந்தவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காசிமேட்டுக்காரனுக்குப் பனிமலை இன்னாத்துக்குடி? மீன் மேல கொட்டவா?”

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தாள்.

தடைக்காலத்தில் படகுகள் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். நாலு படகைப் படமெடுத்து, பெட்டிக்கு ஒன்றாகப் பின்னணியில் வைத்தாள். ஓபன்பாக்ஸுக்கு நிறம் சொல்லும் தீம் கோப்பைத் திறந்து, படகின் பெயரை எழுதிய பெயின்ட் நிறத்தையே ஜன்னல் ஓரத்துக்கும் மெனுவுக்கும் கொடுத்தாள். மறுநாளே, படத்தில் வராத படகுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

“ஏம்மா, எங்க போட்டு இன்னா பாவம் பண்ணிச்சு?”

மறுபடி துறைமுகம். வாடிக்கைக்காரர்களின் படகையெல்லாம் எடுத்துவந்து, பெயர்களை ரைட் கிளிக் மெனுவில் சேர்த்தாள். பெயரைத் தட்டினால் படமும் நிறமும் அந்தப் படகுக்கு மாறும். எத்தனை சொல்லியும் ரைட் கிளிக் பழகாத மனிதர்கள், தங்கள் படகைப் பார்க்க ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். கடைவாசலில் செருப்பு குவிந்தது.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் தொடாததால் திரை இருண்டிருந்தது. அவர் விரல் பவர் பட்டனுக்குப் போனது. பின்னால் நின்ற பாஸ்கல் அண்ணன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

“கைய எடு நைனா! போட்டு ஓடிகினு கீது.”

மவுஸை அசைத்தார். திரையில் பாஸ்கல் அண்ணன் படகு வந்து நின்றது.

அன்று சாயங்காலம், வேலைக்கு வரவில்லை என்று டோரதி மணலிக்குப் போனில் சொன்னது பலகைச் சுவர் வழியாகக் கேட்டது. நான் மெஷினை நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.