நேவி ப்ளூ சாயம் இறங்கிய வாரம்

1. சின்ன மேடம்

ரேவதி எங்கள் டையிங் யூனிட்டுக்கு மேனேஜராக வந்த அன்று, அவளுக்கு லேபைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பதவி எனக்குத்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, ஒரு அடுப்பும் நாலு பீக்கரும் இருந்த காலத்திலிருந்து அந்த லேபை வளர்த்தவள் நான்.

அவள் கல்லூரியில் எனக்குப் பக்கத்து இடம். ஆர்கானிக் பிராக்டிகலில் ஒரு பொடியைக் கொடுத்து, இதிலுள்ள வினைச்செயல் தொகுதி எது என்று கேட்பார்கள். கார்பாக்சிலிக் அமிலமா, ஆல்டிஹைடா, அமீனா என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். அவள் வரிசையாக எல்லா டெஸ்டும் செய்து, அழகாக எழுதி, என்னைவிடக் கூட மார்க் வாங்குவாள். பிறகு அவள் எம்.எஸ்சி. முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். எனக்குக் கல்யாணம் ஆனது.

"ஏட்டி செல்வி, நீ இங்கயா இருக்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஊரான சேத்தூரின் அதே பேச்சு. நானும் சிரித்தேன். கையை விடுவித்துக்கொண்டு லேப் கதவைத் திறந்துவிட்டேன்.

அதுவரை மெஷின் ஆட்கள் என்னை மேடம் என்பார்கள். சில நாளிலேயே அவள் பெரிய மேடம் ஆனாள். நான் சின்ன மேடம். அவள் தப்பாக ஏதாவது செய்தால் ஆறுதலாக இருந்திருக்கும். செய்யவில்லை. கேட்ட நிறத்துக்கு ஷேடு பொருந்தியது, ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள், வீணாய்ப் போன நீராவி பைப்புகூடச் சரியானது. வீட்டில் சோறு தின்னும்போதும் அவளைப் பற்றியே பேசி, என் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2. தண்ணீரில் நீலம்

அதுவரை நாங்கள் மெல்லிய துணிக்குத்தான் சாயம் போட்டோம். தடிமனான டர்க்கி டவல் ஆர்டரைக் கொண்டுவந்தவள் ரேவதி. கூடவே வினைல் சல்ஃபோன் வகையில் ஒரு புது நேவி ப்ளூ சாயமும் வந்தது. பழைய சாயத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. முதல் லாட்டை, ஆர்டர் கொடுத்த பையர் துவைத்துப் பார்த்தார். சோதனைக்காக டவலோடு சேர்த்துத் தைத்த வெள்ளைத் துணி நீலமாகிவிட்டது.

மெஷின் ஆபரேட்டர் கருப்பசாமி அண்ணாச்சி டவலை மறுபடி கொதிக்கக் கொதிக்க சோப் போட்டு ஓட்டினார். சாயம் முன்னைவிட அதிகமாக இறங்கியது.

முதலாளி லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏம்மா செல்வி, அந்தப் புது சாயந்தான கோளாறு? ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லு. அவிய திருப்பூர்ல கத்துக்கிட்டதெல்லாம் நமக்கு ஒத்துவரலன்னா அனுப்பி வச்சிருதேன். பொறவு நீயே பாத்துக்கோ."

"டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன். மனசுக்குள் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் உடம்பு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். இந்தச் சாயம் துணிமேல் சும்மா ஒட்டுவதில்லை. சோடா ஆஷ் கொடுக்கும் காரத்தில் அந்த ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்து, ஈதர் மாதிரி ஒரு சகப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. தண்ணீரிலும் ஹைட்ராக்சில் உண்டு. அதனால் கொஞ்சம் சாயம் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். அது துணியில் பிணையாது. சோப் போட்டுக் கொதிக்கவைத்தால் போய்விடும்.

அப்படியானால் சோப் போடப் போட இறக்கம் குறைய வேண்டும். இங்கே கூடியது. ஒட்டாத சாயம் போகவில்லை. ஒட்டிய சாயம் கழன்றுகொண்டிருந்தது.

3. பீக்கரும் மெஷினும்

அதே டவலில் சாயம் போடாத ஒரு துண்டை வெட்டி, சாயத்துக்கு அவள் எழுதிய ரெசிபியை இம்மி பிசகாமல் பீக்கரில் ஓட்டினேன். இறங்கட்டும் இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வெள்ளைத் துணியோடு துவைத்தேன். அது வெள்ளையாகவே இருந்தது. கோபத்தில் இன்னொரு தடவை செய்தேன். அப்போதும் வெள்ளைதான்.

சாயமும் சரி, ரெசிபியும் சரி. பீக்கரில் நடப்பது மெஷினில் ஏன் நடக்கவில்லை? சாயம் ஏறியதும் அசிட்டிக் ஆசிட் கொடுத்துக் காரத்தை நியூட்ரல் செய்துவிட்டுத்தான் கொதிக்கவைப்போம். மெஷினிலிருந்த தண்ணீரைச் சோதித்தேன். பி.எச். சரியாகவே இருந்தது. அதே லாட்டு டவலில் சாயம் பிடிக்காத பாலியஸ்டர் நூலில் நெய்த வெள்ளைக் கரை ஒன்று உண்டு. அதன் தடித்த மடிப்பைக் கத்திரியால் பிளந்து, உள்ளே, காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டேன். ரோஜா நிறம் குப்பென்று பூத்தது.

வெளியே நியூட்ரல், உள்ளே காரம். மெல்லிய துணிக்குக் கொடுக்கும் நேரம் இந்தத் தடிமனுக்குப் போதவில்லை. பீக்கரில் சின்னத் துண்டு என்பதால் ஆசிட் சீக்கிரம் உள்ளே போய்விட்டது. சாயம் போட்ட பிணைப்பைச் சூட்டில் அந்தக் காரமே உடைத்துக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு ஒரு வழி இருந்தது. பழைய சாயத்தின் பிணைப்பு காரத்தை ஓரளவு தாங்கும். ‘பழைய சாயமா இருந்தா இப்படி ஆயிருக்காது சார்’ என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யுமில்லை. ரேவதி மறுநாள் சேத்தூரில் இருப்பாள்.

முதலாளி அறைக்குப் போகும் வழி முழுக்க அந்த வாக்கியம் என் நாக்கிலேயே இருந்தது. உள்ளே ரேவதியும் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் இரக்கம் எனக்கு வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கையிலிருந்த கரைத் துண்டின் ரோஜாக் கறையைப் பார்த்தேன். துண்டை மேசையில் வைத்தேன்.

"சாயம் நல்ல சாயம் சார். ஆசிட்டுல இன்னும் செத்த நேரம் ஓடணும், அம்புட்டுதான்."

4. போனில்

நேரத்தைக் கூட்டி ஓட்டினோம். டவல் தேறியது. பையரிடம் ரேவதிதான் ஸ்பீக்கரில் பேசினாள், என்னால் இன்றுவரை பேச முடியாத ஆங்கிலத்தில். இனிப் பெயர் அவளுக்குத்தான் என்று நினைத்தேன்.

"கண்டுபிடித்தது நானில்லை, எங்கள் லேப் இன்சார்ஜ் செல்வி" என்று அவள் அதே ஆங்கிலத்தில் சொன்னாள். என் பெயரை நிறுத்தி, இரண்டாம் முறையும் சொன்னாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பெருந்தன்மையிலும் இவளே முதல் மார்க்கா என்றுதான் எரிந்தது.

மதியம் சாப்பிடும்போது என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "முதலாளி ஒன்ட்ட என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியும்ட்டி. நீ வேற மாதிரி சொல்லியிருக்கலாம்லா?"

"வேற மாதிரி சொல்லணும்னுதான் வந்தேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "காலேஜ்ல நீ மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவ. நான் ராத்திரியெல்லாம் படிச்சிட்டு வந்து ஒன்னயப் பாத்து எம்புட்டு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?" என்றபடி தன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

அவளும் நானும் இன்னும் அதே யூனிட்டில்தான் இருக்கிறோம். அவள் பெரிய மேடம், நான் சின்ன மேடம். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கூட வேலை செய்கிறவர்களைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிடிக்காதவர் ரெசிபியை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்.