எஃகு நல்ல எஃகுதான்

ஸ்பிரிங் தொழிற்சாலையில் அவளுக்கு டெஸ்டரம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே மெஷின். உலையிலிருந்து வருகிற ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை எடுத்து மெஷினில் வைத்து அழுத்துவாள். வைர முனை எஃகில் இறங்கும். முள் சுற்றி, எஃகின் கடினத்தைச் சொல்லும் ஓர் எண்ணில் நிற்கும். அந்த எண் குறைந்தால் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் கையெழுத்து விழாது. "அந்தம்மா மனசையும் உலையில போட்டுத்தான் எடுத்திருக்காங்க" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அவள் காதிலும் விழும். கண்டுகொள்ளமாட்டாள்.

அப்படிப்பட்டவளை ஆட்டிவைக்க ஒரே ஒருவனால்தான் முடிந்தது. அவள் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. வளர்ந்து பேக்கரி வேன் ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான். ஆனால் பதினோரு வயதில் அவள் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு சினிமா மட்டும் அவன் தலையை விட்டு இறங்கவேயில்லை. பனிமலையில் மாட்டிக்கொண்ட ஒருவன் ஒரே ஒரு கத்தியை வைத்து உயிர் பிழைத்து வருவான். அந்தக் கத்திக்காகவே அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தானோ, கணக்கில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவன் மனைவி அதே மாதிரி ஒரு கத்தியைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தாள். ஒரு சாண் நீள அலகு. முதுகில் ரம்பப் பற்கள். பிடியின் மூடியைத் திருகினால் உள்ளே காலியான குழாய், அதில் தீக்குச்சி, ஊசி, தூண்டில் நூல். மூடியின் தலையில் திசைகாட்டி வேறு. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பெல்ட்டில் மாட்டிக்கொண்டுதான் வேனில் ஏறுவான்.

"ரொட்டி விக்கிற தெருவுல எந்த மலைடா வருது?" என்பாள் அக்கா.

"நீ உன் மெஷின்ல ஒருதடவை வெச்சுப் பாரேன். எஃகு எப்படின்னு அதுவே சொல்லும்."

"கம்பெனி மெஷின் உன் பொம்மைக்கு இல்ல."

"பயப்படுற. நல்ல எண் வந்துட்டா அப்புறம் என்னைக் கிண்டல் பண்ண முடியாதுல்ல?"

"சரி, பார்க்கலாம் போ."

அந்தப் 'பார்க்கலாம்' மூன்று வருடம் நீண்டது.

ஆறு கரையை மீறிய வாரம், மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவர ஒரு படகுக்காரருடன் அவனும் போனான். மூன்றாவது தடவை படகில் ஐந்து பேர். தொங்கிக்கொண்டிருந்த கயிறு, தண்ணீருக்குள் மறைந்திருந்த வேலிக்கம்பத்தில் சுற்றிக்கொண்டது. வெள்ளம் இழுக்க இழுக்கப் படகு சாய்ந்தது. "இதுக்குத்தானே இத்தனை நாள் சுமந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கயிற்றில் மூன்று புரி. இரண்டை அறுத்துவிட்டான். மூன்றாவதில் பிடி தனியாகக் கையோடு வந்துவிட்டது. அலகு கயிற்றிலேயே கவ்விக்கொண்டு நின்றது. அதை வெறும் கையால் பற்றி இழுக்கப் பார்த்தபோது படகு திரும்பி அவனைக் கம்பத்தோடு வைத்து நசுக்கியது. சற்று நேரத்தில் அந்த மூன்றாவது புரி தானாகவே அறுந்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

பத்து நாள் கழித்துப் படகுக்காரர் அலகையும் பிடியையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். தம்பி மனைவி துண்டைப் பிரித்து, அங்கிருந்த டெஸ்டரம்மாவிடம் நீட்டினாள்.

"அக்கா, இது நல்லதா, போலியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"தெரிஞ்சு இனிமே என்னம்மா ஆகப்போகுது?"

"வாங்கிக் கொடுத்தது நான்."

திங்கட்கிழமை டெஸ்டரம்மா அலகின் துருவைத் தேய்த்தெடுத்து மெஷினில் வைத்தாள். மோசமான எண் வரவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றுதான். வந்தால் விற்றவனை வாயாரச் சபிக்கலாம். மூன்று இடத்தில் அழுத்தினாள். ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. ஒரு கத்திக்கு இதைவிட நல்ல எண் கேட்க முடியாது.

பிடியை லேத்காரரிடம் கொண்டுபோனாள். அவர் நீளவாக்கில் பிளந்து கொடுத்தார். பிடிக்குள் செருகும் அலகின் வால் ஒரு விரற்கணு அளவுக்குத்தான் உள்ளே வந்திருந்தது. அதைப் பிடித்திருந்தது பென்சில் பருமனில் ஒரு போல்ட், ஒரு நட்டு, மரை முழுக்கத் தேய்ந்திருந்தது. மிச்ச இடமெல்லாம் தீக்குச்சிக்கும் நூலுக்குமாக விட்ட வெற்றிடம்.

"வால் பிடி முழுக்க ஓடணும்மா, அப்பத்தான் தாங்கும்" என்றார் லேத்காரர். "உள்ள காலியா இருந்தா வால் எங்க போகும்? எஃகு எப்படி?"

"எஃகு நல்ல எஃகுதான்" என்றாள். சொன்ன பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் தம்பி மனைவியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பிளந்த பிடியை மேஜையில் வைத்து, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

"கடையில நின்னு பார்த்தா யாருக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் கேட்டப்பவே நீங்க பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா அக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் அவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இல்லம்மா. பிடியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அலகைத்தான் பார்த்திருப்பேன். 'ஐம்பத்தேழுடா, ஒண்ணாம் நம்பர் கத்தி'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருப்பேன்."

"கொடுத்திருந்தா அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாரு" என்றாள் தம்பி மனைவி.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் சின்னவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெரியவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிணத்தைப் பார்த்தபோதுகூட வராத அழுகை அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

அந்த மாதமே தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அவள் தம்பி வீட்டுக்குக் குடிவந்தாள். இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஒன்றாக டிவி பார்க்கிறார்கள். அவனைப் பற்றி ஒருத்தி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், மற்றவள் பாதியிலேயே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.